கடல்மீன், நன்னீர்மீன்: உடல்வடிவத்தை அளந்து ஒப்பிடுவது எப்படி

சிதம்பரம் போன்ற ஓர் ஊரின் மீன் அங்காடி இந்த வேலையைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம். பரங்கிப்பேட்டைக் கரையில் பிடிபட்ட கடல்மீனும் வீராணம் ஏரிப் பக்கத்துக் கெண்டையும் விராலும் அங்கே ஒரே காலையில் வந்து இறங்குகின்றன. ஒரு பலகையில் கிடக்கும் சூரையையும் அடுத்த பலகையில் நெளியும் விராலையும் மாறி மாறிப் பார்ப்பவருக்கு, கடல் ஒரு விதமாகவும் ஏரி வேறு விதமாகவும் மீனைச் செதுக்குகின்றன என்ற எண்ணம் தானாகவே தோன்றிவிடும். அந்த எண்ணத்தில் உண்மை உண்டு. ஆனால் அது எவ்வளவு உண்மை, எந்த உறுப்பில் உண்மை, எதனால் உண்மை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது; அளந்துதான் சொல்ல இயலும். கல்லூரி மாணவர்களும் உயிரியல் ஆசிரியர்களும் ஆர்வமுள்ள மற்றவர்களும் ஒரு வெர்னியர் அளவி, ஒரு கைப்பேசிக் கேமரா, ஒரு குறிப்பேடு ஆகியவற்றைக் கொண்டே இந்த ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்துவிடலாம். அதற்கான வழிமுறையையும், வழியில் வழுக்கக்கூடிய இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உப்பின் வேலை உள்ளே

அளவியை எடுப்பதற்கு முன் ஒரு தெளிவு வேண்டும். கடலையும் ஏரியையும் பிரிப்பது உப்பு என்பதால், மீனின் வெளிவடிவத்தில் காணும் வேறுபாடுகளுக்கும் உப்பே காரணம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. எலும்பு மீன்களின் குருதியில் இருப்பது அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கடல்மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே இழுக்கப்படுகிறது. அது கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்களின் சிறப்புச் செல்கள் வழியே வெளியேற்றி, மிகக் குறைவாகவே சிறுநீர் கழிக்கிறது. நன்னீர்மீனின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அதன் உடலுக்குள் நீர் தொடர்ந்து புகுந்துகொண்டே இருப்பதால், அது ஏறக்குறைய எதையும் குடிக்காமல், நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழித்து, இழந்த உப்பைச் செவுள் வழியாகவே திரும்பச் சேர்க்கிறது. இந்தப் போராட்டம் முழுவதும் செவுளிலும் சிறுநீரகத்திலும் குடலிலும் நடக்கிறது. முதுகு வளைவுக்கோ வாலின் கவைக்கோ அதில் பங்கு இல்லை.

இதற்குச் சான்று நம் கண்முன்னேயே இருக்கிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா, அதாவது நம் ஊர் ஜிலேபி கெண்டை, குளத்திலும் வாழ்கிறது, உப்பங்கழியிலும் வாழ்கிறது. பழக்கிவிட்டால் முழுக் கடல்நீரிலும் வாழ்கிறது. எங்கே வாழ்ந்தாலும் அதன் தட்டையான, உயர்ந்த முதுகுடைய உருவம் ஜிலேபியாகவே இருக்கிறது. கொடுவாவும் அப்படியே: நன்னீர்க் குளத்தில் வளர்த்தாலும் கடலில் மிதக்கும் கூண்டில் வளர்த்தாலும் அதன் குழிந்த நெற்றியும் வட்ட வாலும் மாறுவதில்லை.

உப்பு வெளிவடிவத்தைத் தொடும் ஓரிடம் மிதப்பு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது என்பதால், மூழ்காமல் மிதக்கக் கடல்மீனின் காற்றுப்பை உடல் கனஅளவில் சுமார் 5 விழுக்காடு இருந்தால் போதும். நன்னீர்மீனுக்கு 7 விழுக்காட்டுக்கும் மேல் வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை வயிற்றைத் திறந்து பார்த்தால் அறியலாம். வெளிக்கோட்டில் தேடிக் காண்பது அரிது.

அப்படியானால் வடிவத்தைத் தீர்மானிப்பவை எவை? நீர் ஓடுகிறதா தேங்கியிருக்கிறதா, மறைந்துகொள்ளச் செடியும் கல்லும் உண்டா அல்லது நாற்புறமும் வெட்டவெளியா, இரை மிதக்கிறதா தரையில் புதைந்திருக்கிறதா, துரத்தும் பகை எது என்பவைதாம். கடல், ஏரி என்ற இரண்டு சொற்களும் இந்தக் காரணங்களை மூட்டையாகக் கட்டி வைத்திருக்கின்றன. அளப்பவரின் வேலை அந்த மூட்டையை அவிழ்ப்பது.

எங்கே பார்ப்பது

முதலில் வாலைப் பாருங்கள். வாலின் உச்சியிலிருந்து கீழ்நுனி வரை உள்ள விரிவை அளந்து, அதன் வர்க்கத்தை வால் துடுப்பின் பரப்பால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். இதை வால் விகிதம் என்று குறித்துக்கொள்ளலாம். திறந்த கடலில் ஓயாமல் நீந்தும் சூரையின் வால் பிறை போன்றது. அதன் விகிதம் 6ஐத் தாண்டும். விரால், பனையேறி ஆகியவற்றின் வால் விசிறிபோல் வட்டமானது. அங்கே இந்த எண் மிகச் சிறியது. பிறை வால் குறைந்த இழுவையில் நெடுந்தொலைவு செல்ல உதவுகிறது. வட்ட வால், நின்ற இடத்திலிருந்து ஒரே வீச்சில் பாயவும், செடிகளுக்கிடையே சட்டென்று திரும்பவும் உதவுகிறது.

அடுத்து வால் காம்பு, அதாவது குதத் துடுப்பு முடியும் இடத்துக்கும் வால் தொடங்கும் இடத்துக்கும் இடையிலான பகுதி. சூரையிலும் வஞ்சிரத்திலும் இது விரலால் பற்றும் அளவுக்கு ஒடுங்கி, இருபுறமும் மேடு ஓடி, மேலும் கீழும் சிறு துண்டுத் துடுப்புகளோடு இருக்கும். பாறை மீனில் அந்த இடத்தில் முள் போன்ற கடினச் செதில்கள் வரிசையாக நிற்கும். கையால் தடவிப் பார்த்தால் மறக்காது. விராலில் வால் காம்பு உடலைப் போலவே தடித்தது, ஏனெனில் உடல் முழுவதுமே அங்கே துடுப்பாக வேலை செய்கிறது.

மூன்றாவது, நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். நீரில் செல்லும் ஒரு பொருளின் நீளம் அதன் தடிமனைப் போல் ஏறத்தாழ 4.5 மடங்காக இருக்கும்போது, அதன் கனஅளவுக்கு இழுவை மிகக் குறைவாக இருக்கும் என்பது பாய்ம இயக்கவியல் தரும் கணக்கு. ஆனால் இந்த எண்ணைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். விகிதம் 3க்கும் 7க்கும் இடையில் எங்கிருந்தாலும் இழுவை ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுவதில்லை. ஆகவே உடல் விகிதம் ஒன்றை மட்டும் வைத்து வேகமான மீன், மந்தமான மீன் என்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

வாயின் திசை இரையைக் காட்டிக் கொடுக்கும். இதைப் பயில மீன்பண்ணையில் ஒன்றாக வளர்க்கப்படும் மூன்று கெண்டைகளே போதும். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கிறது, அது மேற்பரப்பு மிதவை உயிரிகளை உண்கிறது. ரோகுவின் வாய் சற்றுக் கீழ்நோக்கியது, அதன் உதடுகளில் குஞ்சம் போன்ற ஓரம் இருக்கிறது, அது நடு நீரில் மேய்கிறது. மிர்கால் அடித்தரையைத் துழாவுகிறது. ஒரே குளம், ஒரே குடும்பம், ஒரே உப்பளவு. இருந்தும் மூன்று முகங்கள். நன்னீர்மீன் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வளவு வேறுபாடு அடங்கிக் கிடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியவில்லை.

கடலும் ஒற்றை வாழிடம் இல்லை. பவளப்பாறைகளின் இடுக்குகளில் வாழும் மீன்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் தட்டையாகவும் உயரமாகவும் இருப்பது, செடி அடர்ந்த குளத்து ஜிலேபியின் வடிவத்தை நினைவூட்டும். மணல் தரையில் ஒட்டி வாழும் திருக்கை மேலிருந்து கீழாகத் தட்டையானது. நாக்குமீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தே வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் காரா பேரின மீன்கள் வாய்க்குப் பின்னால் உள்ள வட்டமான ஒட்டுறுப்பால் பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ள வேகத்தைத் தாங்குகின்றன. மலை ஓடையையும் தாமரைக் குளத்தையும் நன்னீர் என்று ஒரே கூடையில் போட்டால், அந்தக் கூடைக்குச் சராசரி எடுப்பதில் பயன் எதுவும் இல்லை. ஆகவே குறிப்பேட்டில் வாழிடம் என்ற தலைப்பின் கீழ் கடல், ஏரி என்று ஒரே சொல்லில் எழுதாமல், நீரோட்டம், ஆழம், செடி, தரை என்று தனித்தனிப் பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்.

எதை எதனோடு ஒப்பிடுவது

இந்த வேலையில் பெரும்பாலான பிழைகள் அளவியைத் தொடுவதற்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன. நம் நன்னீரில் மிகுதியாக உள்ளவை கெண்டைகளும் கெளுத்திகளும். அவை இரண்டும் ஒரே பெருங்கிளையைச் சேர்ந்தவை. நம் கடலில் மிகுதியாக உள்ள சூரை, பாறை, சங்கரா போன்றவை வேறொரு பெருங்கிளையைச் சேர்ந்தவை. பத்துக் கடல்மீனையும் பத்து ஏரிமீனையும் அளந்து வேறுபாடு காட்டினால், அது வாழிடத்தின் வேறுபாடா அல்லது குலத்தின் வேறுபாடா என்று கேட்பவருக்கு விடை சொல்ல வழியில்லை. ஒரு குடும்பத்து உறவினர் பத்துப் பேரைப் பத்துத் தனிச் சான்றுகளாக எண்ண முடியாது என்பதே இதன் சாரம். எனவே ஒரே குடும்பத்தில் ஒன்று கடலிலும் மற்றொன்று நன்னீரிலும் வாழும் இணைகளைத் தேட வேண்டும்.

பெயரை நம்பியும் இணை சேர்க்கக் கூடாது. நம் மொழியில் வாளை என்ற பெயர் குளத்திலும் ஆற்றிலும் வாழும் ஒரு பெரிய கெளுத்தி இனத்துக்கும் உண்டு, நாடா போல் நீண்டு வெள்ளியாய் மின்னும் கடல்மீனுக்கும் உண்டு. இரண்டும் வாள் போன்றவை என்பதால் பெயர் பொருத்தமே. ஆனால் இரண்டுக்கும் உறவு மிகத் தூரம்.

நமக்கு எளிதில் கிடைக்கும் நல்ல இணை முரலும் கொக்கு மீனும். இரண்டும் ஊசி போன்ற நீண்ட அலகு கொண்ட ஒரே குடும்பம். முரல் கடலின் மேற்பரப்பில் சிறு மீன்களைத் துரத்துகிறது. கொக்கு மீன் குளங்களிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் மேற்பரப்பை ஒட்டி அசையாமல் நின்று, அருகில் வரும் இரையைப் பற்றுகிறது. அலகும், பின்னோக்கித் தள்ளி அமைந்த முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் இரண்டிலும் ஒரே மாதிரி. வாலுக்கு வந்தால் கதை மாறுகிறது. பெருமுரல்களின் வால் ஆழமாகப் பிளந்து, கீழ்மடல் மேல்மடலைவிட நீண்டிருக்கும். வால் காம்பின் இருபுறமும் மேடு ஓடும். கொக்கு மீனின் வால் வெட்டியது போல் நேராக முடிகிறது. அந்த மேடும் இல்லை. குடும்பச் சாயல் எங்கே நின்றது, வாழ்முறை எங்கே புகுந்தது என்பதை ஒரே பார்வையில் காட்டும் இணை இது.

எல்லா இணையும் இப்படிப் பேசாது. கேரள ஆறுகளில் வாழும் குள்ளப் பேத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் வளரும். கடல் பேத்தைகளோடு ஒப்பிட்டால் அளவில் பெரிய வேறுபாடு உண்டே தவிர, அந்த உருண்டை உருவம் அப்படியே இருக்கிறது. ஊதிப் பெருத்துப் பகையை விரட்டும் மீனுக்கு வெளிக்கோட்டை மாற்றிக்கொள்ளும் தேவை ஏற்படவில்லை போலும். வேறுபாடு இல்லை என்ற விடையையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும், அதுவும் முடிவுதான்.

ஒரே இனம், இரண்டு நீர்

ஒரே குடும்பத்தைவிடவும் நம்பகமானது ஒரே இனத்துக்குள் செய்யும் ஒப்பீடு. இதில் உலகமே பாடம் கற்றது வடகோளத்தின் குளிர்ந்த கடற்கரைகளில் வாழும், விரல் நீளமே உள்ள, முதுகில் மூன்று முள் கொண்ட ஸ்டிக்கிள்பேக் என்ற மீனிடம்தான். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது உருவான எண்ணற்ற ஏரிகளுக்குள் இக்கடல்மீன் தனித்தனியாகப் புகுந்து தங்கிவிட்டது. இயற்கை ஒரே சோதனையை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தது போன்றது அது.

கடல் வடிவத்தில் பக்கத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புத் தகடுகள் தலை முதல் வால் வரை கவசம் போல் அடுக்கப்பட்டிருக்கும். ஏரி வடிவங்களில் பெரும்பாலும் பத்துக்கும் குறைவான தகடுகளே மிஞ்சும். சில ஏரிகளில் இடுப்பு முள்ளும் மறைந்துவிட்டது. இந்தத் தகடு இழப்பில் பெரும்பங்கு ஈடா என்ற ஒரு மரபணுவுக்கு உண்டு என்பது 2005இல் வெளியானது. தகடு குறைவான வடிவத்தைத் தரும் அந்த மரபணு வகை கடல்மீன்களிடையே அரிதாகப் பதுங்கியிருந்து, ஏரியில் கால் வைத்ததும் பெருகுகிறது. கவசம் ஏன் வீணாகிறது என்பதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன: நன்னீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு, தகடு குறைந்த குஞ்சு விரைவாக வளர்கிறது, ஒளிந்துகொள்ளச் செடி இருக்கும் இடத்தில் கவசத்தைவிடச் சுறுசுறுப்பு பயன்படுகிறது.

இதெல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளில் நடப்பது என்று நினைத்தவர்களுக்கு அலாஸ்காவின் லோபர்க் ஏரி வியப்பளித்தது. 1982இல் அந்த ஏரியின் மீன்கள் நச்சிட்டு முற்றாக அழிக்கப்பட்டன. பிறகு கடலிலிருந்து வந்த ஸ்டிக்கிள்பேக்குகள் அங்கே குடியேறின. 1990இல் அங்கிருந்த மீன்களில் 96 விழுக்காடு முழுக் கவசம் கொண்டவை. 2001இல் அவை 11 விழுக்காடாகச் சுருங்கிவிட்டன. ஒரு பேராசிரியரின் பணிக்காலத்துக்குள்ளேயே கடல்மீன் ஏரிமீனாகிவிட்டது எனலாம்.

ஆனால் நம் ஒப்பீட்டுக்கு இதைவிட முக்கியமான பாடத்தைப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் டெக்சாடா தீவிலுள்ள பாக்ஸ்டன் ஏரி தருகிறது. அங்கே ஒரே ஏரியில் இரண்டு ஸ்டிக்கிள்பேக் வகைகள் வாழ்கின்றன. ஒன்று திறந்த நீரில் மிதவை உயிரிகளை உண்பது. உடல் ஒல்லி, வாய் சிறியது, செவுள் முட்கள் (செவுள் வளைவில் சீப்புப் பற்கள் போல் நின்று இரையை வடிகட்டுபவை) நீளமானவை, எண்ணிக்கையில் மிகுந்தவை. மற்றது கரையோரத் தரையில் மேய்வது. உடல் உயரம், வாய் அகலம், செவுள் முட்கள் குட்டையானவை, குறைந்தவை. இவற்றில் முதலாவது, ஏரிக்குள் இருந்தபடியே கடல் வடிவத்தை நெருங்கி நிற்கிறது. கடலா ஏரியா என்று கேட்பதைவிடத் திறந்த வெளியா கரையோரமா என்று கேட்பதே இந்த மீனை நன்றாக விளக்குகிறது.

அளக்கும் முறை

மீன்களை அங்காடியிலிருந்தே வாங்குங்கள். ஒப்பீட்டுக்காகப் புதிதாகப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. சுத்தம் செய்யாத, துடுப்பு கிழியாத முழு மீன்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எந்த நீரில் பிடித்தது என்பதை விற்பவரிடம் கேட்டு அன்றே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் குறைந்தது 25 அல்லது 30 மீன்கள் இருப்பது நல்லது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு என்பதால், கடல்மீன் வாங்கும் பருவத்தை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். இரண்டு தொகுதிகளையும் கூடுமானவரை ஒரே மாதத்தில் வாங்குவதன் காரணம் சினை. நான் முதன்முதலில் செய்த ஒப்பீட்டில் என் குளத்துக் கெண்டைகள் எல்லாம் கடல் தொகுதியைவிட வயிறு பருத்தவையாக வந்தன. எழுதி முடித்து மகிழ்ந்த பிறகுதான், அவை மழைக்காலத்தில் வாங்கிய சினைமீன்கள் என்பதும், நான் அளந்தது முட்டையைத்தான் என்பதும் விளங்கியது. அன்று முதல் அளந்து முடித்ததும் வயிற்றைத் திறந்து ஆணா பெண்ணா, சினை உண்டா என்று குறிக்காமல் எந்த மீனையும் சமையலறைக்கு அனுப்புவதில்லை.

இறந்த மீன் சில மணி நேரம் விறைத்து வளைந்திருக்கும். அந்த நிலையில் அளக்காமல், தட்டையான தட்டில் பனிக்கட்டியோடு கிடத்தி, விறைப்பு தளர்ந்த பின் அளக்க வேண்டும். ஃபார்மலினில் வைத்த மீன் சுருங்கும். உறைய வைத்ததும் ஓரளவு சுருங்கும். புதிய மீன் ஒரு தொகுதியாகவும் ஆய்வகக் குப்பியிலிருந்த மீன் மற்றொரு தொகுதியாகவும் இருந்தால், நீங்கள் காணும் வேறுபாடு குப்பியுடையது.

நீளத்தை அளப்பதில் மூன்று வழக்குகள் உண்டு: மூஞ்சியின் நுனியிலிருந்து வாலின் கடைசி நுனி வரை மொத்த நீளம், வாலின் கவை வரை கவை நீளம், முதுகெலும்பு முடிந்து வால் துடுப்பின் கதிர்கள் தொடங்கும் இடம் வரை திட்ட நீளம். வடிவ ஒப்பீட்டுக்குத் திட்ட நீளமே உகந்தது, ஏனெனில் வாலின் வடிவம் தொகுதிக்குத் தொகுதி மாறுவதால் மொத்த நீளம் அந்த மாற்றத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். வாலை மெல்ல மடக்கினால் மடிப்பு விழும் இடமே திட்ட நீளத்தின் எல்லை.

அளவியால் ஒவ்வொன்றாக அளப்பது போதுமானதுதான். ஆயினும் புகைப்படம் எடுத்துக் கணினியில் அளப்பது, சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க வழி வைக்கிறது. மீனை எப்போதும் இடப்பக்கம் மேலே தெரியும்படி கிடத்துங்கள். தலை இடப்புறம் இருக்கட்டும். துடுப்புகளை விரித்து, மெல்லிய ஊசிகளால் நுரைப் பலகையில் நிறுத்துங்கள். கேமராவை நேர் மேலே, மட்டம் பார்த்து, தாங்கியில் பொருத்துங்கள். மிக அருகில் வைத்தால் நடுப்பகுதி பெருத்தும் ஓரங்கள் சுருங்கியும் தெரியும் என்பதால், கொஞ்சம் தள்ளி வைத்து உருப்பெருக்கிப் படம் எடுப்பதே நல்லது. அளவுகோலைப் பலகையின் மேல் வைக்கும் பிழையைப் பெரும்பாலோர் செய்கிறார்கள். மீனின் வெளிக்கோடு பலகையிலிருந்து உடலின் பாதித் தடிமன் உயரத்தில் இருக்கிறது. அளவுகோலும் ஒரு கட்டையின் மேல் அதே உயரத்தில் இருந்தால்தான் அளவு சரியாக வரும். உருண்டையான விராலுக்கும் தட்டையான வவ்வாலுக்கும் இந்தக் கட்டையின் உயரம் ஒன்றாக இருக்காது.

படத்தில் எல்லா மீன்களிலும் ஐயமின்றி அடையாளம் காணக்கூடிய புள்ளிகளைக் குறிக்க வேண்டும்: மூஞ்சியின் நுனி, பிடரி, முதுகுத் துடுப்பின் தொடக்கமும் முடிவும், வால் அடியின் மேல் கீழ் முனைகள், குதத் துடுப்பின் முடிவும் தொடக்கமும், இடுப்புத் துடுப்பின் அடி, மார்புத் துடுப்பின் மேலடி, செவுள் மூடியின் பின்னோரம், கண்ணின் முன்னும் பின்னும். வவ்வாலுக்கு வளர்ந்த நிலையில் இடுப்புத் துடுப்பே கிடையாது என்பது போன்ற இடர்களை முன்பே கவனித்து, எல்லா மீனிலும் உள்ள புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். இப்புள்ளிகளைப் பெட்டிபெட்டியாக இணைத்து, பக்கங்களையும் மூலைவிட்டங்களையும் அளப்பது 1982 முதல் வழங்கிவரும் ஒரு முறை. நம் நாட்டு மீன்வள ஆய்வுகளில் இது பரவலாகக் கையாளப்படுகிறது. புள்ளிகளின் ஆயத்தொலைவுகளை நேரடியாகவே ஒப்பிட விரும்புவோர் டிபிஎஸ்டிக், மார்ஃபோஜே ஆகிய இலவச மென்பொருள்களைப் பயன்படுத்தலாம். அவை எல்லா மீன்களின் புள்ளிக் கூட்டங்களையும் நகர்த்தி, திருப்பி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகின்றன. அதன்பின் மிஞ்சும் வேறுபாடே வடிவம்.

வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும் நாளில் பத்துப் படங்களை மறுபடி எடுத்து, முந்தைய குறிகளைப் பார்க்காமல் புள்ளியிடுங்கள். உங்கள் கையின் பிழை எவ்வளவு என்று அப்போது தெரியும். இரண்டு தொகுதிகளுக்கும் இடையிலான வேறுபாடு அந்தப் பிழையைவிடச் சிறியதாக இருந்தால் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. செவுள் முட்களை எண்ணுவதானால், செவுள் மூடியைத் தூக்கி முதல் செவுள் வளைவை மட்டும் வெட்டி எடுத்து, கைக்கண்ணாடியின் கீழ் மேல்கிளை, கீழ்கிளை என்று பிரித்து எண்ணுங்கள். மத்தியின் சல்லடை போன்ற செவுள் முட்களையும் அதன் பக்கத்தில் கொடுவாவின் கட்டையான சில முட்களையும் வைத்துப் பார்ப்பவருக்கு, எது வடிகட்டி உண்கிறது, எது விழுங்கி உண்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பருமன் என்னும் பொறி

பெருமுரல் ஒன்றரை மீட்டர் வரை வளரும். கொக்கு மீன் 40 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. மீன் வளரும்போது அதன் உறுப்புகள் எல்லாம் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை: குஞ்சின் கண்ணும் தலையும் உடலுக்குப் பெரியவை, வளர வளர அவற்றின் பங்கு குறைகிறது. ஏரித் தொகுதியில் 10 சென்டிமீட்டர் மீன்களும் கடல் தொகுதியில் 20 சென்டிமீட்டர் மீன்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலை நீளத்தைத் திட்ட நீளத்தால் வகுத்தால் ஏரிமீன் பெருந்தலை உடையது என்று விடை வரும். அது வாழிடத்தின் விடையாக இல்லாமல் வயதின் விடையாக இருக்கலாம். விகிதம் எடுத்தாலே பருமன் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை தவறானது.

எளிய வழி, ஒரே நீள வரம்புக்குள் அடங்கும் மீன்களை மட்டும் இரு தொகுதிகளிலும் எடுத்துக்கொள்வது. அதற்கு இளம் முரல்களைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அப்படிக் கிடைக்காதபோது, ஒவ்வோர் அளவின் மடக்கையையும் திட்ட நீளத்தின் மடக்கைக்கு எதிராக வரைபடத்தில் குறித்து, இரு தொகுதிகளுக்கும் தனித்தனிக் கோடு வரையுங்கள். இரண்டு கோடுகளும் இணையாகச் சென்று உயரத்தில் மட்டும் வேறுபட்டால், எந்த நீளத்திலும் அந்த வேறுபாடு நிற்கிறது என்று பொருள். கோடுகளின் சாய்வே வேறானால் வளர்ச்சி முறையே வேறு. அப்போது ஒற்றை எண்ணால் வேறுபாட்டைச் சொல்லக் கூடாது.

பிறவியா வளர்ப்பா

வேறுபாடு உறுதியான பிறகும், அது பரம்பரையாக வந்ததா அல்லது வளர்ந்த சூழலால் நேர்ந்ததா என்ற கேள்வி மிஞ்சுகிறது. வெதுவெதுப்பான நீரில் வளரும் குஞ்சுக்கும் குளிர்ந்த நீரில் வளரும் குஞ்சுக்கும் முதுகெலும்புகளின் எண்ணிக்கையே மாறக்கூடும். இரை கடினமா மென்மையா என்பதைப் பொறுத்துத் தாடை மாறக்கூடும். அங்காடி மீனைக் கொண்டு இதற்கு விடை காண முடியாது. இரு தொகுதிகளின் முட்டைகளையும் ஒரே தொட்டியில், ஒரே இரையில் வளர்த்து, அப்போதும் வேறுபாடு நிற்கிறதா என்று பார்ப்பதே வழி. ஸ்டிக்கிள்பேக்கில் அப்படி வளர்த்துப் பார்த்ததால்தான் தகடுகளின் கதையை மரபணு வரை தொடர முடிந்தது. அந்த வசதி இல்லாதவர் தம் குறிப்பில் வேறுபாடு உண்டு என்று மட்டும் எழுதி, ஏரி இதை உண்டாக்கியது என்ற வாக்கியத்தைத் தவிர்ப்பது முறை.

எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் மீன் விலாங்கு. அது ஆழ்கடலில் கண்ணாடி இலை போன்ற தட்டைக் குஞ்சாகப் பிறந்து, கரையை நெருங்கும்போது நிறமற்ற சிறு விலாங்காகி, ஆற்றில் பல ஆண்டுகள் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் வளர்கிறது. முட்டையிடக் கடலுக்குத் திரும்பும் பருவத்தில் அதன் கண் பெருக்கிறது, முதுகு கறுத்து வயிறு வெள்ளியாகிறது, குடல் சுருங்குகிறது. ஆற்றின் நடுப்பகுதியில் வாங்கிய விலாங்கையும் கழிமுகத்தில் பிடிபட்ட விலாங்கையும் அளப்பவர் இரண்டு வாழிடங்களின் இரண்டு வடிவங்களைக் கண்டதாக எண்ணிக்கொள்வார். ஆனால் இரண்டும் ஒரே மீனின் இரண்டு பருவங்களாக இருக்கக்கூடும். விலாங்கைத் தொகுதியில் சேர்ப்பதானால், கண்ணின் கிடை விட்டம், செங்குத்து விட்டம், மார்புத் துடுப்பின் நீளம், வயிற்றின் நிறம் ஆகிய நான்கையும் முதல் பத்திகளாகப் பதிவு செய்யுங்கள். வெள்ளி வயிறு கொண்டவற்றைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, மிஞ்சியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.